ரூ. 14,860-க்கு வாங்கிய வீட்டு ஆட்டோமேஷன் தொகுப்பு: வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

மின்னணு உதிரிப்பாகங்களை விற்கும் இணையச் சந்தை ஒன்றில், மைக்ரோகண்ட்ரோலர் கொண்டு வீட்டு விளக்குகளையும் மின்விசிறிகளையும் மோட்டாரையும் நாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் தொகுப்பு ஒன்றை ரூ. 14,860 கொடுத்து வாங்கினேன். பணம் போனது மட்டுமல்லாமல், உயிருக்கு ஆபத்தான ஒரு பொருள் என் தந்தையின் கட்டிலுக்கு அருகிலேயே பொருத்தப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. நேற்று மாலை அந்தத் தளத்திலிருந்து, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை, ஒரு போர்டுகூட மாற்றித் தரப்படவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் தளத்தின் பெயரையும் விற்பனையாளரின் பெயரையும் எழுதவில்லை. இத்தகைய தொகுப்பை வாங்குமுன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தத் தொகுப்பை நான் பொழுதுபோக்குக்காக வாங்கவில்லை. பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு வலது கை சரியாக இயங்குவதில்லை; இரவில் எழுந்து சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடுவது அவருக்குப் பெரும்பாடு. கட்டிலோரம் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் படுக்கையறை விளக்கும் கழிப்பறை விளக்கும் சேர்ந்து எரிய வேண்டும். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். அம்மா மாடிப்படி ஏறக் கூடாது. இவ்வளவுதான் என் தேவை. இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லைக் கொண்டு சின்னச் சின்ன வேலைகள் செய்து பழகியவன் என்பதால் நிரல் எழுதுவது எனக்குக் கடினமில்லை. இஎஸ்பிஹோம் என்ற மென்பொருள் மூலம் போர்டுகளை அமைத்து, பழைய மடிக்கணினி ஒன்றில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளோடு இணைத்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் 230 வோல்ட் பக்கத்தை வீட்டில் ஒட்டுப்போட்டுச் செய்ய எனக்கு மனமில்லை. ஆகவேதான் ரிலேயும் (சில்லின் சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) மின்வழங்கியும் (230 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் பகுதி) ஒரே போர்டில் பொருத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு வருவதாகச் சொல்லும் தொகுப்பைத் தேடினேன்.

அந்தத் தயாரிப்புப் பக்கத்தில் எழுதியிருந்தவை இவை: அசல் இஎஸ்பி32 வ்ரூம்-32 மாட்யூல் (வைஃபை கொண்ட மைக்ரோகண்ட்ரோலர்), 4 எம்பி ஃப்ளாஷ் நினைவகம், மின்வழங்கிக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) சான்று, ஒவ்வொரு போர்டும் இன்சுலேஷன் சோதனை செய்யப்பட்டது, மோட்டாருக்கான 30 ஆம்பியர் ரிலே போர்டில் மின்னோட்டம் செல்லும் தடம் முழுவதும் ஈயம் பூசித் தடிப்பாக்கப்பட்டது. இவற்றை மட்டும் படித்துவிட்டு நான் பணம் கட்டவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த விற்பனையாளரின் வாட்ஸ்அப் எண்ணில் கேள்விகள் அனுப்பினேன். பதில் வந்தது தமிழில், பதற்றமில்லாமல், விஷயம் தெரிந்தவர் பேசும் பேச்சாக இருந்தது. "எங்க வீட்டுல 1 எச்பி மோட்டார். ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் பல மடங்கு இழுக்கும். இந்த ரிலேக்குப் பிறகு தனியா ஒரு காண்டாக்டர் போட வேண்டாமா?" என்று நேரடியாகவே கேட்டேன். காண்டாக்டர் என்பது மோட்டார் இழுக்கும் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் கனமான ஸ்விட்ச். "வேண்டாம் அண்ணா, அதுக்காகத்தான் 30 ஆம்பியர் ரிலே. எங்க சொந்த வீட்டுலயே இதேதான் ஓடுது" என்று குரல் பதிவு அனுப்பினார். அப்பாவின் நிலையைச் சொன்னபோது அவர் சொன்ன வார்த்தைதான் என்னைப் பணம் கட்ட வைத்தது. "பெரியவர் ரூமுக்குப் போற போர்டை நானே கையில எடுத்து ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டுப் பார்த்துட்டு அனுப்பறேன், கவலைப்படாதீங்க அண்ணா." அன்று இரவே ரூ. 14,860 செலுத்தினேன். அந்தக் குரல் பதிவு இன்னமும் என் கைப்பேசியில் இருக்கிறது.

பொருத்திய முதல் வாரத்திலேயே அப்பாவின் அறை விளக்கு தானாக அணைந்து எரியத் தொடங்கியது. யூஎஸ்பி கம்பியை இணைத்துப் பார்த்தால், வைஃபை இணைப்பு எடுக்க முயலும் ஒவ்வொரு முறையும் "பிரவுன்அவுட்" (மின்னழுத்தம் குறைந்துவிட்டது) என்ற பிழைச்செய்தி வந்து இஎஸ்பி32 மறுதொடக்கம் ஆனது. வைஃபை அலையை அனுப்பும் நொடியில் அந்தச் சில்லு 240 மில்லியாம்பியர் அளவுக்கு இழுக்கும். அதைக்கூடத் தாங்காமல் மின்வழங்கியின் 5 வோல்ட் சரிகிறது என்று பொருள். இதைத் தெளிவாக எழுதி அனுப்பினேன். "உங்க வைஃபை சிக்னல் வீக்கா இருக்கும் அண்ணா, ரவுட்டரை மாத்திப் பாருங்க" என்றார். ரவுட்டரைப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தும் மாறவில்லை என்றதும் நிரலை மாற்றச் சொன்னார், பிறகு கெப்பாசிட்டர் ஒன்று சேர்க்கச் சொன்னார், பிறகு ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் ஒரு நாள் கடந்தது. அந்தத் தளத்தில் பொருளைத் திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் அவகாசம் என்பதையும், அந்த ஏழு நாளும் இந்த "தொழில்நுட்ப ஆலோசனை"யிலேயே கரைந்தன என்பதையும் இப்போது சேர்த்துப் பார்க்கிறேன். எட்டாவது நாளிலிருந்து ஆலோசனை அடியோடு நின்றுவிட்டது. இந்தப் பதிவில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: விற்றவர் பொறுமையாகச் சொல்லித் தருகிறாரே என்று நன்றியோடு காத்திருந்த நாள்கள்தாம், பணத்தைத் திரும்பப் பெறும் வழி மூடப்பட்ட நாள்கள்.

அதன் பிறகு மோட்டார். தொட்டி நிரம்பியதும் சென்சார் சரியாகவே செய்தி அனுப்பியது. ரிலே போர்டின் சிவப்பு விளக்கும் அணைந்தது. ஆனால் மோட்டார் நிற்கவில்லை. தொட்டி வழிந்து மாடிப்படியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்த அம்மா ஓடிப்போய் எம்சிபியை இறக்கினார். போர்டைக் கழற்றி எடுத்தபோது கருகிய நாற்றம். ரிலேயின் காலிலிருந்து கம்பி திருகும் முனை வரை பச்சை போர்டு பழுப்பேறி உப்பியிருந்தது. ஈயம் பூசித் தடிப்பாக்கியதாகச் சொன்ன தடம், பச்சைப் பூச்சு சற்றும் விலகாத, பென்சில் கோடு அளவுக்கு மெல்லிய செம்புத்தடம். ரிலேயின் மூடியை அறுத்துப் பார்த்தேன். இரண்டு தொடுமுனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு பாயும். நான் முன்கூட்டியே கேட்ட கேள்வியே இதுதான். எதை வேண்டாம் என்று குரல் பதிவில் அடித்துச் சொன்னாரோ, அதே காண்டாக்டர் இல்லாததால்தான் ரிலே உருகியது.

எனக்கு அப்பாவின் அறை நினைவுக்கு வந்தது. அந்த அறைப் போர்டிலிருந்து, வெறும் 3.3 வோல்ட்தானே என்ற நம்பிக்கையில், மெல்லிய கம்பி இழுத்துக் கட்டிலோரப் பொத்தானுக்குக் கொடுத்திருந்தேன். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்து, எல்லாப் போர்டுகளையும் கழற்றி, மின்வழங்கியின் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொன்னேன். நூறு மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில், இரண்டு போர்டுகளில் முள் சுழியத்தை ஒட்டி நின்றது; அதாவது 230 வோல்ட் பொத்தான் பக்கம் கசிந்து வர வழி இருந்தது. அவற்றில் ஒன்று அப்பாவின் அறைப் போர்டு. "யாருங்க இதை உங்களுக்கு வித்தது? இதுல கை வெச்சிருந்தா ஆளே இருக்க மாட்டாங்க" என்றார் அவர். உடைத்துப் பார்த்தால் மின்வழங்கியின் கருப்புப் பெட்டிக்குள் பிசின் நிரப்பப்படவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கச் சுற்றுகளுக்கும் நடுவே ஒற்றை நாடாத்தான் இருந்தது. பிஐஎஸ் பதிவு எண் எங்கும் அச்சிடப்படவில்லை. ஒரு இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட போர்டு இது.

மாட்யூலின் கதையும் அதுவே. ஈஎஸ்பிடூல் என்ற மென்பொருள் கொண்டு ஃப்ளாஷ் அளவைப் படித்தபோது 4 எம்பி என்ற இடத்தில் 2 எம்பி என்று வந்தது. இனிமேல் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, விட்டுவிடுகிறேன்.

மெகர் முள்ளின் புகைப்படத்தையும் கருகிய போர்டின் படத்தையும் அனுப்பிய பிறகு வந்த பதில்களை அப்படியே தருகிறேன். "நீங்க நியூட்ரலை மாத்திக் குடுத்திருப்பீங்க." "பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா? அது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது." "எலக்ட்ரீஷியன் கை வெச்சா வாரண்டி போயிடும்." கடைசியாக, அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள 500 ரூபாய்க்கு ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார். ரூ. 14,860 கொடுத்தவனுக்கு, அதே ஆளிடம் மறுபடி வாங்க, 500 ரூபாய் கூப்பன். அதை மறுத்தபின் என் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டுமே விழுகிறது. தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ, விற்பனையாளர் வேறு தாங்கள் வேறு, அவகாசம் முடிந்துவிட்டது, மன்னிக்கவும் என்ற ஒரே பத்தியை ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயரில் அனுப்பியது. இவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்க முடியாது. தளமும் குறைதீர் அலுவலரை நியமித்து, புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்ப்பது என்றால் "தீர்க்கப்பட்டது" என்று மின்னஞ்சல் அனுப்புவது அன்று. அதே தொகுப்பு இன்று காலையிலும் அந்தப் பக்கத்தில் விற்பனையில் இருக்கிறது. இன்சுலேஷன் சோதனை பற்றிய வரி மட்டும் சத்தமில்லாமல் நீக்கப்பட்டிருக்கிறது. பழைய பக்கத்தின் திரைப்பிடிப்பை நான் வைத்திருக்கிறேன்.

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பொருள் வந்த அன்றே, சுவரில் பொருத்துமுன், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மெகர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிஐஎஸ் என்று எழுதியிருந்தால் பதிவு எண்ணைக் கேட்டு, பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். மோட்டாருக்கு, யார் என்ன சொன்னாலும், ரிலேயை நேரடியாகக் கொடுக்காமல் காண்டாக்டர் வழியாகவே கொடுங்கள். வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். விற்றவர் ரவுட்டரை மாற்று, நிரலை மாற்று என்று சொல்லத் தொடங்கினால், அவர் சொல்வதைச் செய்துகொண்டே அன்றைக்கே தளத்தில் ரிட்டர்ன் கோரிக்கையையும் பதிந்துவிடுங்கள். பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுங்கள், குரல் பதிவை அழிக்காதீர்கள். இழந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம்; அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ரூ. 14,860-க்கான என் மனுவை இந்த வாரம் அங்கே கொடுக்கிறேன். அதே தொகுப்பை வாங்கி வீட்டில் ஓடவிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே மெயினை அணைத்துவிட்டுப் போர்டுகளைக் கழற்றிவிடுங்கள்.