ரீச்சரா, பாஷா? தனியாளாக அலையும் இரண்டு முரடர்கள்

ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கு இரண்டு நாள் போய்வரக் கிளம்பினோம். மூன்று பேர், ஐந்து பைகள். அதில் ஒரு பை முழுக்க சார்ஜரும் மாத்திரையும். ரயிலில் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்து ஜாக் ரீச்சர் நாவலைப் பிரித்தால், அந்த ஆள் மடக்கு டூத் பிரஷ் ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றுகிறான். மாற்றுத் துணி கிடையாது. போட்டிருப்பது அழுக்கானால் மலிவுக் கடையில் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு பழசைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிடுவான். துவைக்க வேண்டாம், மடிக்க வேண்டாம், இஸ்திரிக்குக் கொடுத்ததை எண்ணி வாங்க வேண்டாம். அவனுடைய முஷ்டியைவிட இதுதான் எனக்குப் பொறாமையாக இருந்தது.

தனியாளாக நின்று பத்துப் பேரை அடிக்கிற நாயகனை ஏன் இத்தனை பேர் வருஷக்கணக்காகத் தொடர்ந்து படிக்கிறார்கள் என்று கேட்டால், ‘அடிதடி பிடிக்கும், அவ்வளவுதான்’ என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லீ சைல்டின் ஜாக் ரீச்சரும் மைக்கேல் கானலியின் ஹாரி பாஷும் புத்தகக் கடையில் ஒரே தட்டில்தான் இருப்பார்கள். இருவருமே முன்னாள் ராணுவம், இருவருமே மேலிடத்துக்கு அடங்காதவர்கள், இருவருக்குமே தனிமைதான் வீடு. ஆனால் இரண்டு தொடரையும் மாறி மாறிப் படித்த பிறகு சொல்கிறேன்: ஒன்று லீவு நாள், இன்னொன்று வேலை நாள்.

முதலில் ரீச்சர். லீ சைல்டு என்பது புனைபெயர். இயற்பெயர் ஜிம் கிராண்ட், இங்கிலாந்துக்காரர். மான்செஸ்டரில் கிரனாடா தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர். 1995 வாக்கில் அங்கே ஆட்குறைப்பு நடந்து, நாற்பது வயதில் வேலை போனது. தாளும் பென்சிலும் வாங்கிவந்து உட்கார்ந்து எழுதிய நாவல்தான் ‘கில்லிங் ஃப்ளோர்’. 1997இல் வெளிவந்தது. ஒரு முறை சூப்பர் மார்க்கெட்டில், உயரமான அவரிடம் ஒரு மூதாட்டி மேல்தட்டிலிருந்து ஏதோ எடுத்துத் தரச் சொன்னாராம். எழுத்து கைகொடுக்காவிட்டால் எட்டி எடுத்துக் கொடுக்கிற வேலைக்காவது போகலாம் என்று மனைவி கிண்டலடிக்க, ‘ரீச்சர்’ என்ற பெயர் பிறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரீச்சரும் ஆட்குறைப்பில் வெளியே வந்தவன்தான். ராணுவ போலீசில் மேஜர். பனிப்போர் முடிந்து படை சுருங்கியபோது சீருடையைக் கழற்றியவன். வேலை போன ஓர் எழுத்தாளர், வேலை போன ஒரு நாயகனைப் படைக்கிறார். ஆனால் நாயகனுக்கு அது துக்கமே இல்லை. வீட்டுக் கடன் இல்லை, பயோடேட்டா அனுப்புவதில்லை, அடுத்த மாதத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறுகிறான். ஆறடி ஐந்தங்குல உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை எல்லாம் சரிதான். வாசகனை உண்மையில் கட்டிப்போடுவது ‘நாளைக்கு வேலை போனாலும் இந்த ஆளைப்போல் இருந்துவிடலாமோ’ என்ற அற்ப ஆசை. மாசக் கடைசியில் படித்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

அடிதடியையும் தள்ளிவிட முடியாது. சைல்டு ஒரு சண்டையை எழுதும்போது நேரத்தை ஜவ்வு மாதிரி இழுக்கிறார். எதிரே நிற்பவனின் எடை எந்தக் காலில் இருக்கிறது, முதலில் யார் நகர்வான், முழங்கை எந்தக் கோணத்தில் இறங்கினால் எந்த எலும்பு போகும் என்று ரீச்சர் மனக்கணக்குப் போடுவான். மூன்று விநாடிச் சண்டைக்கு மூன்று பக்கம். வாக்கியங்கள் எல்லாம் குட்டைக் குட்டையாக இருக்கும். கடிகாரம் கட்டாமலே அவனுக்கு மணி தெரியும். கறுப்புக் காபி லிட்டர் கணக்கில் உள்ளே போகும். இதெல்லாம் ஒவ்வொரு நாவலிலும் வந்தே தீரும். வராவிட்டால், சாப்பாட்டில் ரசம் ஊற்றாமல் இலையை மடிக்கச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

குறையும் அதே இடத்தில்தான். இவன் இறங்குகிற ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் ஒரு பெரிய சதி காத்துக்கொண்டிருக்கும். ஊர்ப் பணக்காரர் அயோக்கியராக இருப்பார். கடைசியில் பிணங்கள் விழும். நீதிமன்றம், வாக்குமூலம், மேல்முறையீடு எதுவும் கிடையாது. போலீஸ், நீதிபதி, தண்டனை நிறைவேற்றுபவர் மூன்றும் ஒரே ஆள். நிஜ வாழ்க்கையில் இப்படி ஒருவர் நம் தெருவில் இறங்கினால் கதவைச் சாத்திக்கொள்வோம். புத்தகத்தில் கைதட்டுகிறோம்.

பாஷ் வேறு மாதிரி. பெயரைக் கேட்டதும் நமக்கு ஆட்டோ ஓட்டும் ஒருவர்தான் ஞாபகம் வருவார். இவர் லாஸ் ஏஞ்சலஸ் போலீசில் கொலைவழக்குத் துப்பறிவாளர். முழுப்பெயர் ஹைரானிமஸ் பாஷ். நரகத்தைப் பக்கம் பக்கமாக வரைந்த அந்தப் பழைய டச்சு ஓவியரின் பெயரையே அம்மா வைத்தாள். அந்த அம்மா பாலியல் தொழிலாளி. 1961இல், பையனுக்குப் பதினோரு வயது இருக்கும்போது, கொலை செய்யப்பட்டாள். கொலையாளியைக் கண்டுபிடிக்க அன்று யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை. பையன் அநாதை விடுதியில் வளர்ந்து, வியட்நாம் போரில் சுரங்கப் பாதைகளுக்குள் ஊர்ந்து, பிறகு போலீசுக்கு வந்தான். செத்தவர் பெரிய இடமா, தெருவோரமா என்று பார்க்காமல் எல்லாக் கொலைக்கும் ஒரே அக்கறை காட்டுகிற பிடிவாதம் அங்கிருந்துதான் வருகிறது.

கானலி பத்திரிகைக்காரர். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் குற்றச் செய்திகள் எழுதியவர். 1992இல் வந்த முதல் பாஷ் நாவலுக்கே சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருது கிடைத்தது. அந்த நிருபர் புத்தி பக்கத்துக்குப் பக்கம் தெரியும். சைல்டு சண்டையை எப்படி நீட்டுகிறாரோ அப்படிக் கானலி காகிதத்தை நீட்டுகிறார். வழக்குக் கோப்பு, காலவரிசைக் குறிப்பு, சோதனை வாரன்ட்டுக்கு நீதிபதியிடம் கையெழுத்து. மலைச்சரிவில் தூண்கள் மேல் நிற்கும் வீட்டில், ராத்திரி ஜாஸ் ஓடிக்கொண்டிருக்க, இருபது வருஷப் பழைய கேஸ் கட்டை பாஷ் மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். இதில் என்ன விறுவிறுப்பு என்று கேட்கலாம். முப்பதாவது பக்கத்தில் யாரோ விட்டுப்போன ஒரு வரி அவர் கண்ணில் படும்போது நமக்கும் முதுகு நிமிரும். நடுநடுவே எந்த ஃப்ரீவேயில் ஏறி எங்கே இறங்கினார் என்று வருகிற வழிக்குறிப்புகளை மட்டும் நான் கண்ணை ஓட்டித் தாண்டிவிடுவேன்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஒரே சம்பவத்தில் தெரிந்துவிடும். ‘தி லாஸ்ட் கயோட்டி’ என்ற 1995 நாவல். பாஷ் தன் மேலதிகாரியைக் கண்ணாடி ஜன்னலோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறார். ரீச்சராக இருந்தால் கையைத் தட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பான். பாஷைக் கட்டாய விடுப்பில் அனுப்புகிறார்கள். மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து ‘ஏன் அடித்தாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நில நடுக்கத்தில் விரிசல் விட்ட வீட்டை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வேறு. அந்த விடுப்பில்தான், முப்பது வருஷத்துக்கு மேல் கிடப்பில் இருந்த தன் அம்மாவின் கொலைவழக்கைக் கையில் எடுக்கிறார். அடித்த அடிக்கு விலை கொடுக்கிற நாயகன். அந்த நாவலை முடித்துவிட்டு உடனே வேறொரு புத்தகம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ரீச்சர் நாவல் முடிந்தால் அடுத்ததைத் தேடுவேன். முடிந்ததன் வில்லன் பெயர் ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

உடம்பையும் பாருங்கள். ரீச்சர் வாங்கும் காயங்கள் அநேகமாக அடுத்த நாவலுக்குள் ஆறிவிடும். பாஷ் 2007இல் வந்த ஒரு நாவலில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அருகே போகிறார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2019இல் வந்த நாவலில் அது ரத்தப் புற்றுநோயாகத் தலைகாட்டுகிறது. எழுத்தாளர் மறக்கவில்லை, உடம்பும் மறக்கவில்லை. பாஷுக்கு வருஷத்துக்கு ஒரு வயது கூடுகிறது. 1950இல் பிறந்தவர், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். ஓய்வு பெற்று, திரும்பி வந்து, மறுபடி வெளியேறி, மகள் மேடி போலீஸ் சீருடை போடுவதையும் பார்த்துவிட்டார். ரீச்சர் பிறந்தது 1960 என்று நாவல்களே சொல்கின்றன. கணக்குப்படி அறுபது தாண்டியாகிவிட்டது, ஆனால் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்: ரீச்சரை ‘அவன்’ என்றும் பாஷை ‘அவர்’ என்றும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். திட்டமிட்டதில்லை. ஒருவன் வளரவே இல்லை, இன்னொருவர் நம்மோடு கிழவரானார்.

வயதில்லாத நாயகனுக்கு ஒரு வசதி உண்டு: கைமாற்றிவிடலாம். 2020இல் லீ சைல்டு, தொடரைத் தம்பி ஆண்ட்ரூவிடம் ஒப்படைக்கப் போவதாக அறிவித்தார். முதலில் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். தம்பி கைபட்ட ரீச்சர் கொஞ்சம் வாயாடி என்பது என் அபிப்பிராயம். முன்பு பேசாமல் நிற்பதே பாதி பயத்தைக் கிளப்பும். கானலி அப்படி யாரிடமும் கொடுக்கவில்லை. ரெனே பாலார்ட் என்ற இளம் பெண் துப்பறிவாளரை 2017இல் கொண்டுவந்து, பாஷை மெல்ல அவருக்குப் பின்னால் நகர்த்தினார். வீட்டில் பெரியவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வருவதுபோல.

இந்த வரிசையில் மூன்றாவதாக ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். ஜான் டி. மெக்டொனால்டின் டிராவிஸ் மெகீ. 1964இல் தொடங்கி 21 நாவல்கள், ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு நிறம். ஃபுளோரிடாவில், சீட்டாட்டத்தில் ஜெயித்த படகு வீட்டில் குடியிருப்பு. ஏமாந்தவர்களின் பொருளை மீட்டுக் கொடுத்துப் பாதியை எடுத்துக்கொண்டு, காசு தீரும்வரை ஓய்வு. ரீச்சரின் சுதந்திரத்துக்கு இவரை முன்னோடி என்று சொல்லலாம். பெண்களை எழுதியிருக்கும் விதம் இன்று நெருடுகிறது. ஒன்றிரண்டு படித்தால் போதும்.

நம் தமிழ்த் துப்பறியும் கதைகளில் இந்தத் தனியாள் ஏன் வேர்விடவில்லை என்று யோசித்திருக்கிறேன். விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி எல்லாரும் ஜோடி ஜோடியாகத்தான் வந்தார்கள். சுஜாதாவின் வக்கீல் கணேஷ் முதலில் தனியாகத்தான் வந்தார். பின்னால் அவருக்கும் ஒரு வஸந்த் தேவைப்பட்டது. பேச்சுத்துணை இல்லாத நாயகனை நம்மால் ரொம்ப நேரம் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

திரையில் இருவரும் வேறு மாதிரி அவதிப்பட்டார்கள். ரீச்சருக்கு உருவம்தான் பிரச்சினை. 2012, 2016 படங்களில் டாம் குரூஸ் நடித்தபோது, உயரம் போதாது என்று வாசகர்கள் மல்லுக்கு நின்றார்கள். 2022இல் தொடங்கிய தொடரில் ஆலன் ரிச்சன் வந்த பிறகுதான் அடங்கினார்கள். பாஷுக்குக் காலம்தான் பிரச்சினை. டைட்டஸ் வெலிவர் நடித்த தொடரில் வியட்நாம் வேலைக்கு ஆகாது என்று வளைகுடாப் போராக மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் பாஷ் தொடர்தான் எனக்குப் பிடித்தது. அவசரமே படாத தொடர்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: பாஷை வரிசையாகப் படியுங்கள், குறைந்தது முதல் நான்கையாவது. நடுவில் நுழைந்தால் பாதி வலி புரியாது. ரீச்சரை எங்கே வேண்டுமானாலும் பிரிக்கலாம். வேகம் வேண்டுமென்றால் 2003இல் வந்த ‘பெர்சுவேடர்’. எனக்கு நெருக்கமானது அதற்கு அடுத்த வருஷம் வந்த ‘தி எனிமி’. 1990 புத்தாண்டு இரவில், பெர்லின் சுவர் விழுந்த சூட்டோடு தொடங்குகிற கதை. ரீச்சர் இன்னும் சீருடையில் இருக்கிறான். பாரிஸில் அவன் அம்மா சாகக் கிடக்கிறாள். பஸ் ஏறித் தப்பிக்க முடியாத ஒன்று அவனுக்கும் வந்துவிட்ட அந்த ஒரு நாவலில், அவனை ‘அவர்’ என்று எழுதலாம் போலிருந்தது.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது, படித்து முடித்த ரீச்சர் நாவலை வேண்டுமென்றே பெர்த்திலேயே விட்டுவிட்டு இறங்கினேன். அவன் பாணியில் கொஞ்சம் சுமையைக் குறைத்த திருப்தி. பிளாட்பாரத்தில் எண்ணிப் பார்த்தால் ஆறு பைகள். தாம்பூலப் பைகளைச் சேர்த்து ஒரு கட்டைப்பை ஏறியிருந்தது.