கேவிஎம்முடன் ஐந்து வருடம்: என்னை அலைக்கழித்த ஒரே பிழைச் செய்தி

ஐந்து வருடங்களாக என் மெய்நிகர் கணினிகள் எல்லாம் லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம், மெய்நிகர் கணினியை இயக்கும் கியூஈஎம்யூ, இவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட் ஆகிய மூன்றின் கூட்டணியில்தான் ஓடுகின்றன. வேகத்திலும் நம்பகத்திலும் ஒரு குறையும் இல்லை. கேவிஎம் 2007லேயே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள், அதன் 2.6.20 பதிப்பிலேயே, சேர்ந்துவிட்டதால், கெர்னலைப் புதுப்பிக்கும்போது அதற்கென்று தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. என்னை உண்மையிலேயே அலைக்கழித்தது ஒரு பிழைச் செய்திதான்.

உபுண்டு லினக்ஸ் 22.04ஐப் புதிதாக நிறுவி, மெய்நிகர் கணினிகளின் பழைய வட்டுக் கோப்புகளை ஹோம் கோப்புறைக்குள் போட்டு, ஒரு மெய்நிகர் கணினியைத் தொடங்கினேன். ‘சேமிப்புக் கோப்பை அணுக முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தது. கூடவே 64055 என்று ஒரு பயனர் எண். கோப்பின் பெயரையே சொல்கிறதே, அப்படியானால் கோளாறு கோப்பில்தானே? அதற்கு 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்தேன். அதே செய்தி. நிர்வாகி உரிமை தரும் சுடோ கட்டளையைப் போட்டுத் தொடங்கினேன். அதே செய்தி. உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர் தடுக்கிறதோ என்று பதிவுகளைத் தோண்டினேன், அங்கே ஒன்றும் இல்லை. ஒரு மாலைப்பொழுது முழுக்க இதிலேயே போனது.

கோப்பில் எந்தக் கோளாறும் இல்லை. கியூஈஎம்யூ நம் பெயரில் ஓடுவதில்லை, 64055 என்ற எண் கொண்ட தனிப் பயனராக ஓடுகிறது. சுடோ உதவாததும் அதனால்தான். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் கோப்புறைகள் 755க்குப் பதிலாக 750 அனுமதியோடு உருவாகின்றன, அதாவது பிற பயனர்கள் அதற்குள் நுழையவே முடியாது. வாசலிலேயே நிறுத்தப்பட்டவருக்கு உள்ளறைக் கதவு திறந்திருந்து என்ன பயன்? ஆனால் வாசலில் தடுத்தாலும் கோப்பில் தடுத்தாலும் கெர்னல் திருப்பித் தருவது 13 (அனுமதி மறுப்பு) என்ற ஒரே பிழை எண்தான். லிப்வர்ட் அதைக் கோப்பின் பெயரோடு ஒட்டிக் காட்டிவிடுகிறது.

தீர்வு ஒரே வரி. குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் அனுமதி தரும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையால், 64055 பயனருக்கு ஹோம் கோப்புறையில் எக்ஸ், அதாவது கடந்துபோகும், அனுமதி கொடுத்தால் போதும். உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்கும் உரிமைகூட வேண்டாம். தயவுசெய்து கியூஈஎம்யூவை ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, ஓட்டும்படி அமைப்பை மாற்றிவிடாதீர்கள். பிழை போய்விடும், ஆனால் ஒரு மெய்நிகர் கணினியை உடைத்து வெளியே வருபவர் கையில் உங்கள் முழுக் கணினியும் சிக்கும்.

அப்புறமும் மனசு ஆறவில்லை. மூலநிரல் கையில் இருக்கிறதே! லிப்வர்ட்டை இறக்கி, என் கணினிக்கு மட்டும் திருத்தினேன். பிழை எண் 13 வந்தால், பாதையில் மேலிருந்து ஒவ்வொரு கோப்புறையாகச் சோதித்து, எது தடுக்கிறதோ அதன் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் முயற்சியில் இந்தச் சோதனையை ரூட்டாக ஓடவிட்டுவிட்டேன். ரூட்டுக்கு எல்லாக் கதவும் திறந்துதானே இருக்கும். 64055ஆகவே மாறிச் சோதித்த பிறகுதான் சரியான விடை வந்தது. வர்ட்-மேனேஜர் என்ற வரைகலைக் கருவி, இந்தப் பாதையில் தேடும் அனுமதி எமுலேட்டருக்கு (அதாவது கியூஈஎம்யூவுக்கு) இல்லாமல் இருக்கலாம் என்று முன்பே எச்சரித்து, சரிசெய்யட்டுமா என்றும் கேட்கிறது. கட்டளை வரியில் வேலை செய்பவர்களுக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

இப்போது என் கணினியில், தடுக்கும் கோப்புறையின் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. வட்டுக் கோப்பின் பெயர் அதற்கு அடுத்த வரியில்.