பழைய பட்டியலா, புதிய பட்டியலா?

சுங்கை சிப்புட்டில் பலகாரக் கடை. முதல் முறை எடுபடாத மின்னஞ்சல் விளம்பரத்தை, தீபாவளிக்கு முன் மீண்டும் தொடங்க இரண்டு வழி உண்டு.

வாடிக்கையாளர்களின் பழைய மின்னஞ்சல் முகவரிப் பட்டியலைத் தூசு தட்டுவது சுலபம். ஆனால் செயலிழந்த முகவரிகளுக்குப் போனது திரும்பி வரும். கடையை மறந்துபோனவர்கள் ஸ்பேம், அதாவது வேண்டாத அஞ்சல், என்று அழுத்துவார்கள். 2024 முதல் ஜிமெயில், மொத்தமாக அனுப்புவோருக்கு ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்கிறது. ஆயிரத்துக்கு மூன்றுதான்! அதைத் தாண்டினால் நல்ல வாடிக்கையாளருக்கும் கடிதம் போய்ச் சேராமல் போகலாம்.

புதிய பட்டியல் மெதுவாகத்தான் வளரும். முறுக்கு வாங்க வரும் அக்காவிடம், "மின்னஞ்சல் அனுப்பட்டுமா அக்கா?" என்று கல்லாவிலேயே கேட்கலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை வலியுறுத்துகிறது. என் தேர்வு இதுதான். பழையதில் சென்ற தீபாவளிக்கு வாங்கியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.