72 மணி நேர அவசரப் பை: பாதி தேறும், மீதி சிப்பாய் வேஷம்

போர் வந்தால் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று சொல்லி விற்கிற ரெடிமேட் அவசரப் பைகள் இப்போது ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. 'இரண்டு பேருக்கு 72 மணி நேரம்' என்று போட்டிருந்த ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒரு விடுமுறை நாளில் வீட்டு மெயின் சுவிட்சையும் தண்ணீர்க் குழாயையும் அடைத்துவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பிராண்ட் பெயர் போடவில்லை. இதே பை, இதே பொருட்கள், வேறு வேறு லேபிளோடு பல இடங்களில் இருக்கிறது. என் மதிப்பெண் 5க்கு இரண்டரை. இதை வடிவமைத்தவர் மனதில் காட்டுக்குள் தனியாகப் பதுங்கிய ஒரு சிப்பாய் இருந்திருக்கிறார். குழந்தையையும் முட்டிவலிக்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாடிப்படி இறங்க வேண்டிய ஆள் அவர் நினைப்பிலேயே வரவில்லை.

பை கெட்டித் துணி, இரட்டைத் தையல், ஜிப் சிக்கவில்லை, தோள்பட்டையில் பஞ்சு தாராளம். அதில் குறையில்லை. ஆனால் நிறம் ராணுவப் பச்சைத் திட்டுத் திட்டு. வெளிப்பக்கம் பூராவும் வார்கள், கொக்கிகள். சாதாரண ஜனங்களையும் சண்டையிடுபவர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் போர்ச் சட்டத்தின் அடிப்படை விதி, 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த விதியை மதிக்கிற ஒருவன் தூரத்தில் ட்ரோன் கேமராவில் பார்க்கிறான் என்றே வைத்துக்கொள்வோம், அவன் கண்ணுக்கு நாம் யாராகத் தெரிய வேண்டும்? சோதனைச் சாவடியில் இந்தப் பையோடு நின்றால் முதல் கேள்வியே வில்லங்கமாக வரும். பள்ளிக்கூடப் பை மாதிரி நீலமோ சாம்பலோ போதும், சட்டையும் அப்படியே, ராணுவச் சாயல் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, முதலுதவிப் பொட்டலத்தின் மேல் பெரிதாக ஒரு செஞ்சிலுவை அச்சடித்திருக்கிறார்கள். அது சும்மா 'மருந்து இருக்கிறது' என்பதற்கான படம் இல்லை. படைகளின் மருத்துவப் பிரிவுக்கும் செஞ்சிலுவை இயக்கத்துக்கும் ஜெனீவா ஒப்பந்தங்கள் ஒதுக்கிக் கொடுத்த சின்னம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. முதலுதவிக்குப் பச்சையில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது. இதுகூடத் தெரியாதவர்கள் போர்க்காலப் பை தயாரிக்கிறார்கள். (பொதுமக்கள் தேடிப் போக வேண்டிய சின்னம் வேறு: ஆரஞ்சு நிறப் பின்னணியில் நீல முக்கோணம். அதுதான் சிவில் டிஃபென்ஸ், அதாவது போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் பணி. எங்கே பார்த்தாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. உள்ளே 125 மில்லி பாக்கெட் 12 இருக்கிறது. மொத்தம் ஒன்றரை லிட்டர். இரண்டு பேர், மூன்று நாள் என்று வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு கால் லிட்டர், ஒரு டம்ளர் கணக்கு. ஸ்வீடன் அரசு தன் மக்களுக்குச் சொல்கிற கணக்கு குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். அப்படிப் பார்த்தால் இந்தப் பையில் 18 லிட்டர் இருக்க வேண்டும். 18 லிட்டர் என்றால் 18 கிலோ, யாரும் தூக்க முடியாது என்று விற்கிறவர் சொல்லலாம், சரிதான், ஆனால் அப்போது '72 மணி நேரம்' என்று பையில் அச்சடிக்காதே என்பதுதான் என் வாதம்.

இதில் ஒரு குழப்பத்தை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். வீட்டிலேயே கதவடைத்து இருப்பதற்கான தயாரிப்பு வேறு, கிளம்பிப் போவதற்கான தயாரிப்பு வேறு. முதலாவதற்குப் பை உதவவே உதவாது. குடம், கேன், வாளி, மூடி போட்ட டிரம், இவைதான். பதற்றம் ஆரம்பித்ததும் முதல் வேலையாக வீட்டிலுள்ள பாத்திரம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துவிட வேண்டும், கரண்ட் போனால் மோட்டார் போகும், மோட்டார் போனால் மேல்மாடிக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறாது. எத்தனை நாளைக்கு என்பதில் ஒவ்வொரு அரசும் ஒவ்வொன்று சொல்கிறது: ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் 72 மணி நேரம் என்றது, ஸ்வீடன் ஒரு வாரம், ஜெர்மனியின் பேரிடர் துறை 10 நாள். எனக்கு ஒரு வாரம் நடைமுறைக்கு ஒத்துவருவதாகத் தோன்றுகிறது. பையில் உள்ள குளோரின் மாத்திரைகள் மட்டும் நன்றாக இருந்தன, லிட்டருக்கு ஒன்று போட்டு அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் அப்படியே போட்டால் சரியாக வேலை செய்யாது, முதலில் தெளியவிட்டு மடித்த துணியில் வடிகட்ட வேண்டும். ரசாயனம் கலந்திருந்தால் மாத்திரை ஒன்றும் செய்யாது. இது எதுவும் அட்டையில் இல்லை.

சாப்பாடு 2400 கலோரிக் கட்டி ஒன்று. அதே வகுத்தல், ஆளுக்கு நாளைக்கு 400. சுவை? மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்து இறுக்கியது, அதைத் தின்றதும் தண்ணீர் தவிக்கும், தண்ணீர்தான் இல்லையே.

ரேடியோவைப் பாராட்ட வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் சார்ஜ் ஏறும் வகை, ஒரு நிமிடம் சுற்றினால் மெல்லிய சத்தத்தில் சில நிமிடம் பாடுகிறது, பேட்டரியும் போடலாம். எஃப்எம், மீடியம் வேவ் இரண்டும் தெளிவு. 'வெதர் பேண்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒலிபரப்பாகும் வானிலைச் சேவைக்கானது, மற்ற நாட்டுக்காரர்களுக்கு வெறும் இரைச்சல். அந்த இடத்தில் வெகுதூர ஒலிபரப்பையும் பிடிக்கிற ஷார்ட் வேவ் வைத்திருக்கலாம். பழங்கதை என்று நினைக்க வேண்டாம், 2022 மார்ச்சில் உக்ரைனில் ஒளிபரப்புக் கோபுரங்கள் அடிவாங்கத் தொடங்கியதும் பிபிசி அங்கே ஷார்ட் வேவ் ஒலிபரப்பைத் திரும்பத் தொடங்கியது. ரேடியோவின் தலையில் ஒட்டியிருக்கும் சோலார் தகடு வெறும் அலங்காரம், போனுக்கு அதில் உயிர் வராது. நல்ல பவர் பேங்க் ஒன்றைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்று: அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும், அதனால் சண்டை நடக்கிற பகுதிக்கு வெளியே இருக்கும் ஒரு சொந்தக்காரரைக் குடும்பம் முழுக்கப் பொதுவான தகவல் ஆளாக முடிவுசெய்து, அவர் எண்ணைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது. போன் செத்தால் எண்ணும் சேர்ந்தே போய்விடுகிறது, யாருக்கும் இப்போது எண் மனப்பாடம் இல்லை.

அடுத்தது டூர்னிகெட். கை கால் அறுபட்டு ரத்தம் பீறிட்டால் கட்டுகிற பட்டை, குண்டுச் சிதறல் காயத்தில் உயிரைப் பிடித்து வைக்கிற பொருள், பையில் உள்ளவற்றில் இதுதான் சரியாக இருந்தே ஆக வேண்டியது. சுருட்டிய போர்வையைத் தொடை அளவுக்குக் கட்டி அதில் மாட்டி, பிளாஸ்டிக் தடியைத் திருகினேன். இரண்டாவது சுற்றில் தடி வளைந்தது, மூன்றாவதில் நுனியில் வெள்ளைக் கோடு விழுந்தது, அதற்கு மேல் திருகினால் முறிந்துவிடும் என்று தெரிந்து நிறுத்திவிட்டேன். போலி. சந்தையில் இந்தப் போலிகள் நிறைய, நாம் அதைக் கண்டுபிடிக்கும் நேரம் மோசமான நேரமாக இருக்கும். மருத்துவப் பொருள் விற்கும் நம்பகமான இடத்தில் தனியாக வாங்கி, ஒன்றைப் பழக, இன்னொன்றைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். பழகியதையே நிஜத்துக்கு நம்பக் கூடாது. காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, 5 முதல் 7 செ.மீ. தள்ளி, முட்டி மூட்டுகளின் மேல் இல்லாமல் கட்ட வேண்டும். ரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும், அடிபட்டவர் வலியில் கத்துவார், அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய மணியை எழுதி வைத்துவிட்டு, அவிழ்ப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற இடங்களில் பட்டை கட்ட முடியாது, சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து முழு எடையும் போட்டு அழுத்த வேண்டும். இதையெல்லாம் ஒரு முதலுதவி வகுப்பில் கையால் செய்து பார்த்தால்தான் வரும், படித்து வராது.

மீன்பிடி முள், கம்பி ரம்பம், திசைகாட்டி, கயிற்றுக் காப்பு, பல்லு வைத்த பெரிய கத்தி ஆகியவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். கத்தி வில்லங்கம், மற்றவை விளையாட்டுச் சாமான். மெழுகுவர்த்தியும் வேண்டாம். அதிர்வில் சாய்ந்தால் தீ, எரிவாயுக் குழாய் கசிந்திருந்தால் அதைவிட மோசம், தலையில் மாட்டும் டார்ச் போதும், இரண்டு கையும் சும்மா இருக்கும். விசில் அருமை, சின்னதாக இருந்தாலும் காதைக் கிழிக்கிறது, இடிபாட்டுக்குள் சிக்கினால் கத்திக் கத்தித் தொண்டை போவதைவிட மூன்று மூன்றாக ஊதலாம். என்95 முகக்கவசமும் உருப்படியானது, இடிந்த கட்டடத்தின் சிமெண்ட் தூசிக்கு அது போதும், விஷவாயுவுக்கு இல்லை.

அயோடின் மாத்திரையை 'கதிர்வீச்சுப் பாதுகாப்பு' என்று போட்டிருக்கிறார்கள். பாதி உண்மை. அது தைராய்டு சுரப்பியை, அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும், வேறு எந்தக் கதிர்வீச்சையும் தடுக்காது. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், குழந்தைகளுக்குக் குறைவு, அதிகாரிகள் சொல்லாமல் விழுங்கக் கூடாது.

இல்லாதது என்ன என்று பார்த்தால் பட்டியல் நீளும். வாடிக்கையாகப் போடும் மருந்துகள், மாற்று மூக்குக்கண்ணாடி, சானிட்டரி நாப்கின், குழந்தைக்கு வேண்டியது. தண்ணீர் நின்ற வீட்டில் கழிப்பறைக்குக் கெட்டியான குப்பைப் பை. நான் குழாயை அடைத்த அன்று முதலில் கழுத்தைப் பிடித்தது பசியில்லை, இதுதான். அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், சான்றிதழ்களின் நகல் போட நீர் புகாத உறை ஒன்றுகூட இல்லை. கார்டு வேலை செய்யாத நாளுக்குச் சில்லறை நோட்டுகள் நாமே வைக்க வேண்டும். குழந்தைகளின் பெயரும் ரத்த வகையும் நம் தொடர்பு எண்ணும் அவர்கள் உடம்போடு இருக்க வேண்டும். 2022இல் உக்ரைனில் சில தாய்மார்கள் பிள்ளைகளின் முதுகிலேயே பேனாவால் எழுதினார்கள். அப்புறம் கெட்டிக் காலணி, அதைப் பையில் வைக்கவும் கூடாது, கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், இரவில் ஜன்னல் சிதறினால் முதல் அடியே கண்ணாடித் துண்டில்தான் விழும்.

கூடவே வரும் கையேடு நெருப்பு மூட்ட எட்டு வழி சொல்கிறது. சைரன் கேட்டால் எங்கே உட்காருவது என்று ஒரு வரி இல்லை. ஏறி இறங்கும் ஊளை என்றால் பெரும்பாலும் ஆபத்து, ஒரே சீராக நீண்டு ஒலித்தால் பல நாடுகளில் ஆபத்து நீங்கியது, சிலவற்றில் வேறு அர்த்தம், நீங்கள் இருக்கும் இடத்தின் வழக்கத்தை முன்பே கேட்டு வையுங்கள். பதுங்கறைக்குப் போக நேரமில்லை என்றால் உக்ரைனில் சொல்லிக்கொடுக்கும் இரண்டு சுவர் விதி: வெளியுலகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்க வேண்டும், முதல் சுவர் அடியை வாங்கும், இரண்டாவது சிதறலைத் தடுக்கும். பெரும்பாலான வீடுகளில் அது ஜன்னல் இல்லாத நடைவழிதான், கண்ணாடியும் டைல்ஸும் நிறைந்த குளியலறை அவ்வளவு நல்லதில்லை. வெளியில் மாட்டிக்கொண்டால் பள்ளத்தில் குப்புறப் படுத்துத் தலையை மூடிக்கொள்ள வேண்டும். இலங்கைப் போரின்போது வன்னியில் பனங்குற்றியும் மண்மூட்டையும் போட்டு மூடிய பங்கர்களுக்குள் ஓடியவர்களைக் கேட்டால் இந்தக் கையேட்டைவிட நூறு மடங்கு விவரமாகச் சொல்வார்கள்.

ஜன்னலைப் பற்றி இன்னும் கொஞ்சம். வெளிச்சம் தெரிந்ததும் என்னவென்று எட்டிப் பார்க்கும் குணம்தான் ஆளைக் குருடாக்குகிறது. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் தீப்பிடித்ததை ஊரே ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தது, கப்பல் வெடித்தபோது கண்ணாடி பட்டுக் கண் போனவர்கள் ஏராளம். வெளிச்சம் முதலில் வரும், அதிர்வு பின்னால் வரும், அந்த இடைவெளியில் படுத்துவிட வேண்டும். குண்டு விழுந்த இடத்துக்கு வீடியோ எடுக்க ஓடுவதும் வேண்டாம், அதே இடத்தில் இரண்டாவதும் விழுவது பல போர்களில் நடந்திருக்கிறது. வெடிக்காமல் கிடப்பதைத் தொடவே கூடாது, பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், சிலது பார்க்க பொம்மை மாதிரியே இருக்கும்.

விற்பனையாளருக்கு டூர்னிகெட் படத்தை அனுப்பினேன். பதில் மரியாதையாக, சீக்கிரம் வந்தது: புதிதாக ஒன்று அனுப்புகிறோம், கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தால் வாயு முகமூடியோடு பெரிய பையும் தருகிறோம் என்றார்கள். முகமூடி வேண்டாம் என்றேன். முகத்தோடு சரியாகப் பொருந்தாவிட்டால், ஏன், தாடி இருந்தாலே, அது கசியும். 1991 வளைகுடாப் போரின்போது இஸ்ரேலில் முகமூடியின் வடிகட்டி மூடியைக் கழற்றாமல் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறிச் செத்தவர்கள் உண்டு. வந்த புது டூர்னிகெட்டும் அதே பிளாஸ்டிக் தடிதான், திருகிப் பார்க்கவே இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். ரேடியோவும் விசிலும் குளோரின் மாத்திரையும் தனித்தனியாகவே கிடைக்கின்றன, அவற்றை வாங்கி வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய பையில் போடுங்கள், செலவும் குறைவு.