ஊட்டியில் வாங்கிய தோடர் பூத்தையல் சால்வை

ஊட்டியில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்களே நடத்தும் சிறு கடையொன்றில் இந்தச் சால்வையை வாங்கினேன். அரைவெள்ளைப் பருத்தித் துணியில், கோலம் எதுவும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமான கம்பளி நூலால் தைத்திருக்கிறார்கள். வரிசை திரும்பும் இடங்களில் நூலை இறுக்காமல் சிறு வளையமாக விட்டிருப்பதால், தடவினால் தையல் மேடாகத் தட்டுப்படுகிறது. இரு பக்கமும் போர்த்தலாம். மலைக்குளிரைத் தாங்கும் கனமும் உண்டு. வாரக்கணக்கில் நீளும் கைவேலை என்பதால், சில ஆயிரம் ரூபாய் என்ற விலை எனக்கு நியாயமாகவே பட்டது.

அதே ஊரின் கடைத்தெருவில், ‘தோடர் சால்வை’ என்ற பெயரில் வேறொன்றைக் கால்வாசி விலைக்குக் காட்டினார்கள். திருப்பிப் பார்த்தபோது, பின்பக்கம் முழுவதும் இயந்திரத்தின் மெல்லிய வெள்ளை நூல் ஓடியிருந்தது.

இது வெறும் போலிச்சரக்குப் பிரச்சினை அன்று. ஏறத்தாழ 2,000 பேரே உள்ள தோடர் சமூகத்தில், ஆண்களும் பெண்களும் சடங்குகளில் போர்த்திக்கொள்ளும் ‘பூத்துக்குளி’யின் தையல் இது, இறந்தவரின் உடலைப் போர்த்துவதும் இந்தத் துணியால்தான். எருமையைத் தெய்வமாய்ப் போற்றும் அவர்கள் அதன் கொம்பைத் தையலில் வடிக்கும்போது, அது அவர்களுக்கு வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. 2013இல் இந்தப் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தவர்களில் தோடர்களின் நலச்சங்கமும் இருந்தது என்பது முக்கியமானது. எனினும் புவிசார் குறியீட்டுச் சட்டம் முதன்மையாகக் காப்பது பெயரையே. ‘தோடர்’ என்ற சொல்லை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் எடுத்துக் கால்மிதியில் அச்சிடுபவரை அதைக்கொண்டு தடுப்பது கடினம்.

நான் வாங்கிய கடையிலும் கைப்பை, மேசை விரிப்பு, கைப்பேசி உறை எல்லாம் இருந்தன. மரபு அப்படியே உறைந்து நிற்க வேண்டும் என்று கோர நமக்கு உரிமை இல்லை. எந்தப் பூத்தையல் உருவை விற்பது, எதைச் சடங்குக்கென ஒதுக்குவது என்பதைத் தைக்கும் பெண்களும் அவர்களின் மந்துகளுமே (தோடர் குடியிருப்புகளுமே) தீர்மானிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஒரே குறை, சால்வையோடு எந்தக் குறிப்பும் தரப்படவில்லை. பூத்தையல் உருவின் பெயரையும் தைத்தவரின் பெயரையும், அவர்கள் வெளியே சொல்ல விரும்பும் அளவுக்கு மட்டும், ஒரு சிறு அட்டையில் எழுதித் தரலாம். வாங்குபவர்கள் துணியின் பின்பக்கத்தைப் பார்த்து, தைத்தவர் யார் என்று கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.