கடைச் சர்வருக்கு எந்த டிஸ்ட்ரோ? ஆதரவு முடியும் நாளை வைத்து ஓர் அலசல்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் பில் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸ் இயங்குதள வகை) கொண்ட சர்வரை, 2024 ஜூலையில் பார்க்கப் போனேன். மென்பொருள் தொகுப்புகளை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் 'யம்' கட்டளையைத் தட்டியதும், தொகுப்புகள் இருக்கும் முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்ற பிழைதான் வந்தது. ஜூன் 30-இல் சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, முடிந்திருந்தது. அந்த முகவரியும் அதோடு நின்றுபோயிருந்தது. தீபாவளிச் சரக்கு இறங்கத் தொடங்கும் வேளையில் சர்வரை மாற்றலாமா என்று முதலாளியிடம் கேட்கும் நிலை இன்னொரு முறை வரக் கூடாது.

இன்று தேர்ந்தெடுப்பவர் முன் மூன்று வழிகள் உள்ளன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-க்கு முழு ஆதரவு மூன்று ஆண்டுகள். அதன்பின் நீட்டிப்புக் குழு 2030 ஜூன் வரை பார்த்துக்கொள்ளும். பதிப்பு விட்டுப் பதிப்பு ஏறுவது இதில் சுலபம் என்றாலும், ஏற்றுவதற்கு ஆள் வேண்டும்.

உபுண்டு 24.04-க்குப் பொது ஆதரவு 2029 வரை உண்டு. ஆனால் அது முதன்மைத் தொகுப்புகளுக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். 'யுனிவர்ஸ்' என்ற கூடுதல் தொகுப்புகளின் களஞ்சியத்திலிருந்து நிறுவியவற்றுக்கு உபுண்டு புரோ என்ற சந்தா தேவை. ஐந்து கணினிகள் வரை அது இலவசம் என்பதால் சிறு கடைக்குச் சுமையில்லை.

ஆல்மாலினக்ஸ் 9-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2032 மே வரை வரும். அதன் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) எண் 5.14 என்று காட்டுவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். மூலக் கெர்னல் வரிசையில் 5.14-இன் ஆதரவு 2021-லேயே முடிந்துவிட்டது உண்மைதான். ஆயினும் ஆல்மாலினக்ஸ் பின்பற்றும் ரெட்ஹாட் நிறுவனம் புதிய திருத்தங்களைப் பழைய கெர்னலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதால், இங்கே டிஸ்ட்ரோவின் நாள்தான் கணக்கு. வேறு களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை நிறுவுபவர், அந்த நொடியே இந்த 2032 உறுதியை இழந்து, அந்தக் கெர்னலின் சொந்த ஆயுளுக்குக் கட்டுப்பட்டவராகிறார். இன்னொரு கண்ணியும் உண்டு: பிஎச்பி நிரல்மொழி போன்ற தொகுப்பு வரிசைகளுக்குத் தனித்தனி முடிவு நாள்கள் உள்ளன, அவற்றில் பல 2032-க்கு வெகு முன்பே வந்துவிடும்.

பராமரிக்க ஆளில்லாத அந்தக் கடைக்கு ஆல்மாலினக்ஸ் 9-ஐயே நிறுவினேன். பில் மென்பொருள் நம்பியிருக்கும் பிஎச்பி வரிசையின் முடிவு நாளை முதல் வரியிலும், 2032 மே 31-ஐ அதன்கீழும் எழுதிச் சர்வர் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன்.