பாப்வைட் காடை பண்ணைக்குத் திரும்ப: கூண்டுப் பறவையா, காட்டுப் பறவையா, நிலத்தை மாற்றுவதா?

அமெரிக்காவின் தெற்குப் பண்ணைகளில் வசந்தம் பிறந்ததும் ஆண் காடை வேலிக் கம்பத்தில் ஏறி நின்று ‘பாப்-வைட்’ என்று கூவும். அந்தக் கூவலே அதற்குப் பெயராகிவிட்டது. 1966-ல் தொடங்கிய வட அமெரிக்கப் பறவைக் கணக்கெடுப்பு, வயல்வெளிப் பறவைகளில் மிக மோசமாகக் குறைந்தவற்றுள் இதையும் காட்டுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர நினைக்கும் நில உரிமையாளருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பலரும் முதலில் போவது கூண்டில் பொரித்து வளர்த்த காடைகளிடம்தான். பணம் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். திறந்துவிட்ட அன்றே வயலில் காடை ஓடும். ஆனால் அந்தப் பறவைக்குப் பருந்தின் நிழல் தெரியாது, எங்கே பதுங்குவது என்று காட்டிக்கொடுக்கத் தாயும் இருந்ததில்லை. பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் இரையாகிவிடுகின்றன. அடுத்த வசந்தம் வரை பிழைத்துக் குஞ்சு பொரிப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒருநாள் குஞ்சுகளை வயலிலேயே சூடும் தீவனமும் உள்ள பெட்டியில் வைத்து, ஐந்து வாரம் கழித்துத் திறந்துவிடும் முறையும் இருக்கிறது. இடம்தான் மாறுகிறது, தாயில்லாக் குறை அப்படியே இருக்கிறது. வேட்டை நாயைப் பழக்கவும், அந்த வேட்டைப் பருவத்திலேயே சுடவும் கூண்டுப் பறவை போதும். நிலைத்து வாழும் கூட்டத்துக்கு அது விதை ஆகாது. அருகில் காட்டுக் காடை மிச்சம் இருந்தால் கெடுதலும் உண்டு: எளிய இரை குவிந்த இடத்துக்குப் பருந்துகள் தேடி வரும், நோயும் தொற்றலாம்.

காட்டுக் காடையை வலையிலும் கூண்டுப்பொறியிலும் பிடித்து இடம் மாற்றுவது வேறு கதை. இந்தப் பறவைக்குப் பிழைக்கத் தெரியும். 2015-ல் ஜார்ஜியாவிலிருந்து 80 காடைகளை நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் பகுதியில் உள்ள ஒரு கிரான்பெர்ரிப் பழப் பண்ணையில் விட்டார்கள். அந்தக் கோடையிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. ஆனால் இதற்கு மாநில அரசின் அனுமதி வேண்டும், பறவையைத் தர இன்னொரு நிலம் வேண்டும், பெரிய பரப்பில் வாழிடமும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். தயாராகாத நிலத்தில் விட்டால், நல்ல இடத்தில் பிழைத்திருக்கக்கூடிய பறவையைத்தான் வீணாக்குகிறோம்.

ஆக இரண்டு வழியும் மூன்றாவதில்தான் வந்து நிற்கின்றன. நிலம் காடைக்கு ஏற்றதா?

காடையின் வாழ்வு குறுகியது. ஆண்டுக்குப் பத்தில் ஏழெட்டுப் பறவைகள் சாகும். ஈடுகட்ட ஒரு கூட்டில் 12-க்கு மேல் முட்டை இடும், 23 நாள் அடை, கூடு அழிந்தால் மறுபடி கட்டும், ஆணும் அடைகாக்கும். இவ்வளவு பெருகும் பறவை குறைகிறது என்றால், கொல்லும் விலங்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பொரித்த குஞ்சு கட்டைவிரல் அளவுதான். முதல் இரண்டு வாரம் அதற்குப் பூச்சியே உணவு. ஃபெஸ்க்யூ, பெர்முடா புற்கள் பாய் விரித்தாற்போல் அடர்ந்த மேய்ச்சல் நிலத்தில் அதனால் நடக்கவே முடியாது. தூர் தூராக வளரும் நாட்டுப்புல் வேண்டும். தூர்களுக்கு நடுவே வெறும் மண், மேலே இலைக் கூரை. குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு பறவைகள் வால்களை உள்ளே வைத்து வட்டமாக ஒண்டி உறங்கும். பகலில் பதுங்க பிளாக்பெர்ரி போன்ற முட்புதர் வேண்டும். புல், களை, புதர் மூன்றும் ஒரே ஓட்டத்தில் எட்டும் தூரத்தில் இருப்பதுதான் முக்கியம்.

இதை உண்டாக்க விதை வாங்கிக் கொட்ட வேண்டியதில்லை. ஃபெஸ்க்யூவைக் களைக்கொல்லியால் ஒழித்து, குளிர்காலத்தில் சட்டிக் கலப்பையை மேலாக ஓட்டினாலே மண்ணில் கிடந்த ராக்வீட் முளைக்கும். உழவர் வெறுக்கும் அந்தக் களையின் விதை காடைக்கு அருமையான தீனி. அடுத்தது தீ. 1924-ல் ஜார்ஜியா-புளோரிடா எல்லையில் காடை ஆய்வைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஸ்டோடர்ட், தீயைத் தடுத்ததால்தான் காடு புதர் மண்டி அடைந்துபோனது என்று வனத்துறையினரை எதிர்த்துச் சொன்னார். இன்றும் ஆண்டுக்கு நிலத்தின் ஒரு பங்கை மாற்றி மாற்றி எரிப்பதுதான் அங்கே வழக்கம். முழுவதையும் ஒரே நேரத்தில் எரித்தால் காடைக்கு ஒதுங்க இடமிருக்காது.

விளைச்சல் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமே என்ற கவலை நியாயமானது. மரநிழல் விழும் வயலோரத்தில் மகசூல் எப்படியும் குறைவு. 2004-ல் அமெரிக்க வேளாண் துறை கொண்டுவந்த சி.பி.33 திட்டம் அந்த ஓரத்தையே குறிவைத்தது: 30 முதல் 120 அடி அகலத்தைப் பயிரிடாமல் விட்டால் அரசு அதற்கு வாடகை தந்தது. ஓரம் விட்ட வயல்களில் விடாத வயல்களைவிட அதிகக் காடைகள் கணக்கிடப்பட்டன.

குறைகளும் உண்டு. பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டு ஆகும், வேலை ஆண்டுதோறும் தொடரும். அக்கம்பக்கம் முழுவதும் வெட்டித் துடைத்த வயலாக இருந்தால் நீங்கள் திருத்திய நாற்பது ஏக்கர் தனித்தீவாகிவிடும். காடை பத்து மைல் பறந்து வந்து சேராது. அப்படிப்பட்ட இடத்தில் மட்டும், பக்கத்து நிலத்தாரோடு சேர்ந்து பரப்பைப் பெருக்கிய பிறகு, இடம் மாற்றிய காட்டுக் காடையைக் கேட்கலாம் என்பேன்.

கூண்டுப் பறவைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அக்டோபர் கடைசியில் காற்றில்லாத ஒரு விடியலில், சூரியன் எழ முக்கால் மணி நேரம் இருக்கும்போதே வயலோரம் போய் நில்லுங்கள். கூட்டங்கள் ஒன்றையொன்று அழைக்கும் ‘கொய்-லீ’ குரல் எங்காவது ஒருமுறை கேட்டாலும் போதும். அந்தக் குரல் வந்த பக்கத்து வேலியிலிருந்து கலப்பையைத் தொடங்குங்கள்.